பனிப்பாறை உழுத சேற்றில் சிற்றுயிர்கள் மீளுமா?

கேள்வி:
அண்டார்க்டிகாவின் கரையோரத்தில் பனிப்பாறைகள் தரைதட்டி, கடல்தரையை ஏர்போல உழுதுவிடுகின்றன என்று படித்தேன். கடற்பஞ்சும் நட்சத்திரமீனும் நசுங்குவது புரிகிறது. சேற்றுத் துகள்களுக்கு நடுவே வாழும், கண்ணுக்கே தட்டுப்படாத சிற்றுயிர்கள் என்ன ஆகின்றன? இடுக்கில் ஒளிந்து தப்பிவிடுமா?

முதல் பதில்:
ஒளிய இடமே இராது. பனிப்பாறையின் அடி மேல்சேற்றை வாரி இரு பக்கமும் வரப்பாகத் தள்ளிவிடும். இந்தச் சிற்றுயிர்கள் பெரும்பாலும் மேலிருக்கும் சில சென்டிமீட்டருக்குள்தான் வாழ்கின்றன; அதற்குக் கீழே ஆக்சிஜன் குறைவு.

கடற்சேற்றைச் சலித்து எண்ணுவதே என் வேலை. 1 மில்லிமீட்டர் சல்லடையில் நழுவி, 32 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடையில் நிற்பவற்றை எடுத்துக்கொள்வோம். உயிர்களை இளஞ்சிவப்பாக்கும் ரோஸ் பெங்கால் சாயம் ஊறிய பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், சாம்பல் நிறத் துகள்களுக்கிடையே இளஞ்சிவப்பு நூல்போல உருளைப்புழுக்கள் சுருண்டு கிடக்கும். ஒரு தேக்கரண்டிச் சேற்றிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போகும். ஆனாலும் எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

அண்டார்க்டிகாவை ஒட்டிய சிக்னி தீவில் பனிப்பாறை மோதிய ஓர் இடத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய விலங்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. சிற்றுயிர்களிலும் பெரும்பகுதி போயிற்று. ஆனால் உருளைப்புழுக்கள் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டன! இவற்றுக்கு நீரில் மிதந்து திரியும் இளம்பருவம் கிடையாது. அலை கலக்கிய சேற்றோடு சேர்ந்து அடித்துவரப்பட்டே புது இடத்தில் இறங்குகின்றன. இறால் இனத்துக்கு உறவான துடுப்புக்காலிகள் என்னும் சிற்றுயிர்கள் தாமே நீந்தியும் வரும்.

இரண்டாம் பதில்:
சேற்றுக்கு இது சரி. பாறையில் ஒட்டி வாழ்பவற்றின் கதை வேறு. அண்டார்க்டிகாவில் பிரிட்டன் நடத்தும் ராத்தெரா ஆய்வு நிலையத்தருகே 5, 10, 25 மீட்டர் ஆழங்களில் கான்கிரீட் கட்டிகளைப் பதித்து, பனிப்பாறை மோதி எவை உடைந்தன என்று சுழியோடிகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். கரையோடு உறைந்து நிற்கும் கடற்பனி பனிப்பாறைகளை நகரவிடாமல் பிடித்துவைக்கிறது. அது நிற்கும் நாட்கள் குறைந்த ஆண்டுகளில் மோதல்கள் கூடின; 2008இல் வெளியான முடிவு இது. அங்கே பாறைமேல் கூட்டமாக ஒட்டிப் படரும் பாசிவிலங்குகள் என்னும் சிறு விலங்குகளில் இரண்டு வயதை எட்டுபவை மிகச் சிலவே.

கேட்டவர்:
அப்படியானால் சேற்றுப் புழுக்களைப் பற்றிக் கவலை வேண்டாமா?

முதல் பதிலளித்தவர்:
வேண்டும், நண்பரே. உழப்பட்ட இடத்தை நிரப்பும் புழு, உழப்படாத பக்கத்துச் சேற்றிலிருந்துதான் வருகிறது. அதனால் எத்தனை முறை மோதியது என்பதைவிட, மோதாமல் எவ்வளவு தரை மிஞ்சியது என்றே நான் முதலில் கேட்பேன்.