பேத்தை சினையும் என் மாமாவின் நாடியும்

கடலில் சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டது, திருக்கை மீனின் முள் குத்தியது என்று பலர் தங்கள் அனுபவத்தை எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் நடந்தது பேத்தை மீனால், பந்துபோல உப்பிக்கொள்ளுமே, அந்த விஷ மீன். ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். நான் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம்.

வலையில் பேத்தை விழுந்தால் எங்கள் ஆட்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். அன்று விழுந்த ஒன்றில் நிறைய சினை இருந்ததைப் பார்த்து மாமா ஆசைப்பட்டுவிட்டார். நன்றாக வறுத்தால் விஷம் போய்விடும் என்று நம்பினார். போகாது. பேத்தையின் விஷத்துக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயர், அது அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசராது. அது அதிகம் சேர்வதே சினையிலும் ஈரலிலும்தான்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உதடு மரத்தது. நாக்கில் எறும்பு ஊறுவதுபோல இருக்கிறது என்றார். அப்புறம் வாந்தி. பத்து மணிக்குள் கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினோம். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

கழுத்தில் விரல் வைத்தேன். நாடி துடித்தது! மெதுவாகத்தான், ஆனால் சீராக. அந்த ஒரு துடிப்பை நம்பித்தான் வாயோடு வாய் வைத்து ஊத ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை நிறுத்தவில்லை. அங்கே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. உடம்பு அதைத் தானாக வெளியேற்றும்வரை மூச்சைக் கடன் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

மூச்சு நின்றும் இதயம் ஏன் நிற்கவில்லை? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். நரம்பிலும் தசையிலும் சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் மின்துடிப்பு ஓடும். அதற்கு வாசல்கள் இருக்கின்றன, சோடியம் சேனல் என்பார்கள். பேத்தை நஞ்சு அந்த வாசலின் வெளி வாயில் தக்கைபோல அடைத்துக்கொள்ளும். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்கு உத்தரவு போகாது, மூச்சு நிற்கும். இதய செல்களிலும் சோடியம் சேனல் உண்டு. ஆனால் அது வேறு வகை, Nav1.5 என்று பெயர். சேனல் என்பது அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்த புரதம். நரம்புச் சேனலில் டைரோசின் அல்லது ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில், இதயச் சேனலில் சிஸ்டீன் என்ற வேறொன்று இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் தக்கை அங்கே இறுகுவதில்லை. இதயச் சேனலை அடைக்கப் பல நூறு மடங்கு நஞ்சு வேண்டும். 1992-இல் எலி இதயச் சேனலின் அந்தச் சிஸ்டீனை மட்டும் டைரோசினாக மாற்றிப் பார்த்தார்கள். உடனே அதுவும் நஞ்சுக்குப் பணிந்துவிட்டது. பேத்தை தன் விஷத்தில் தானே சாகாததற்கும் அதன் சேனல்களில் இதேபோன்ற மாற்றங்கள்தான் காரணம். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பே சிலிர்த்தது. என் விரலில் அன்று துடித்தது அந்தச் சிஸ்டீன்தான்.

இதயத்துக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மாமாவுக்கு ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியது, அதற்கும் மருந்து ஏற்றினார்கள். மூச்சு கொடுக்காமல் விட்டிருந்தால் ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிஷங்களில் இதயமும் நின்றிருக்கும்.

மறுநாள் இரவு விரல்கள் அசைந்தன. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். பேச வந்ததும் மாமா சொன்னதுதான் எங்களை உலுக்கியது. வேனில் அவருக்கு நினைவு போகவே இல்லையாம். இமையைக்கூட அசைக்க முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். அத்தை அழுதது, நான் ஊதும் இடைவெளியில் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணியது, “உசுரு போயிடுச்சு, வண்டியத் திருப்புப்பா” என்று ஒருவர் சொன்னது, எல்லாமே.

அது யார் குரல் என்று எனக்குத் தெரியாது, நான் குனிந்திருந்தேன். மாமாவுக்குத் தெரியும். எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மறுக்கிறார்.