2018 லிபர்டடோரெஸ் இறுதிப் போட்டி: கோப்பையைப் போகாவுக்கே வழங்கியிருக்க வேண்டுமா?

தென்மூலை (கேள்வி):

தென் அமெரிக்கக் கிளப் அணிகளுக்கான கோபா லிபர்டடோரெஸ் தொடரின் 2018ஆம் ஆண்டு இறுதிப் போட்டி குறித்து எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. புவனோஸ் ஐரிஸ் நகரின் இருபெரும் அணிகளான போகா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்களால் முடிவாகும் அந்தக் கோப்பையின் இறுதியில் முதன்முறையாக மோதின. நவம்பர் 11 அன்று போகாவின் மைதானமான பொம்பொனேராவில் நடந்த முதல் ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. நவம்பர் 24 அன்று இரண்டாம் ஆட்டத்துக்காக ரிவரின் மொனுமென்டல் மைதானத்தை நெருங்கிய போகா அணியின் பேருந்தை ரிவர் ரசிகர்கள் கல்லெறிந்து தாக்கினர். கண்ணாடிகள் நொறுங்கின, காவல்துறை வீசிய புகை வீரர்களையும் பாதித்தது, போகாவின் அணித்தலைவர் பாப்லோ பெரெஸ் கண்ணில் காயத்துடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

2015இல் இதே தொடரில், கடைசி 16 அணிகளின் சுற்றில், இடைவேளை முடிந்து களத்துக்குத் திரும்பிய ரிவர் வீரர்கள் மீது பொம்பொனேராவில் எரிச்சலூட்டும் திரவம் தெளிக்கப்பட்டபோது, தென் அமெரிக்கக் கூட்டமைப்பான கான்மெபால் போகாவைத் தொடரை விட்டே வெளியேற்றியது. அந்த ஆண்டுக் கோப்பையை ரிவர் வென்றது. அவ்வாறெனில் 2018இல் அதே அளவுகோலைக் கொண்டு கோப்பையைப் போகாவுக்கு வழங்காமல், ஆட்டத்தை மாட்ரிட் வரை கொண்டு சென்றது எந்த வகையில் நியாயம்? போகா ரசிகனாக இதைக் கேட்கவில்லை; விதிகள் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நடுக்கோடு:

நண்பரே, போகா நிர்வாகமும் 2015ஐ முன்னுதாரணமாகக் காட்டித்தான் கோப்பையைக் கோரியது. கான்மெபாலின் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. ரிவருக்கு 4 லட்சம் அமெரிக்க டாலர் அபராதமும், கான்மெபால் தொடர்களில் சொந்த மைதானத்தில் இரண்டு ஆட்டங்களைப் பார்வையாளர்களின்றி ஆட வேண்டும் என்ற தண்டனையும் விதித்ததோடு அது நின்றுகொண்டது.

இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள வேறுபாடு இடத்தைப் பொறுத்தது. 2015இல் தாக்குதல் நடந்தது மைதானத்துக்குள், வீரர்கள் நடந்து வரும் சுரங்கப்பாதையில், ஆட்டம் பாதியில் இருந்தபோது. அந்த இடத்தின் பாதுகாப்புக்கு ஆட்டத்தை நடத்தும் கிளப்பே முழுப் பொறுப்பு. 2018இல் தாக்குதல் நடந்தது மைதானத்துக்கு வெளியே, பொதுச் சாலையில், ஆட்டம் தொடங்குவதற்கு முன். சாலையைக் காப்பது காவல்துறையின் வேலை என்பதால், ரிவரின் பொறுப்பு அபராதம் வரைதான் நீளும், கோப்பையைப் பறிக்கும் அளவுக்கு நீளாது என்பதே இந்தப் பார்வையின் சாரம். விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் மாட்ரிட் ஆட்டத்தை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது.

என் கருத்தைச் சொல்வதானால், கான்மெபாலின் இறுதி முடிவைவிட அந்தச் சனிக்கிழமை மாலையில் அது நடந்துகொண்ட விதமே வெட்கக்கேடானது. ஆட்டத்தை நடத்தத் தடையாக மருத்துவக் காரணம் ஏதுமில்லை என்று கூட்டமைப்பின் மருத்துவர்கள் கூறினர். தொடக்க நேரம் மாற்றி மாற்றித் தள்ளிவைக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் காத்திருந்தனர். பின்னர் இரு கிளப்களின் தலைவர்களையும் கையெழுத்திட வைத்து மறுநாளைக்கு ஒத்திவைத்தனர். மறுநாள், இரு அணிகளும் சமமான நிலையில் இல்லை என்று போகா முறையிட்டதால், அதுவும் கைவிடப்பட்டது.

மேற்குமாடம்:

நடுக்கோடு கூறும் மைதானத்துக்கு உள்ளே, வெளியே என்ற கோட்டை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. எதிரணிப் பேருந்து எந்த வழியாக, எந்த நேரத்தில் வரும் என்பது ஆட்டத்தை நடத்துவோருக்குத் தெரிந்த செய்தி. மைதானத்தருகே பேருந்து திரும்பிய இடத்தில் ரசிகர் கூட்டம் நெருக்கியடித்து நிற்க, போதிய தடுப்பு இல்லாமல் பேருந்தை அதன் நடுவே செலுத்தியது காவல்துறையின் தவறு என்றாலும், அதன் பலனைக் களத்தில் அனுபவிக்கவிருந்தது ரிவர்தான். இருந்தாலும் கோப்பையை மேசையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2-2 என்று நிற்கும் ஓர் இறுதிப் போட்டியை, அதுவும் வெளியூர் கோல் விதி (மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி மைதானத்தில் கூடுதல் கோல் அடித்த அணி வெல்லும் என்ற விதி) பொருந்தாத இறுதிப் போட்டியை, நீதிபதிகள் முடித்து வைத்திருந்தால் அந்தப் பகை இன்னும் ஒரு தலைமுறைக்கு நீண்டிருக்கும்.

என் மறுப்பு மாட்ரிட்டைப் பற்றியது. நவம்பர் 30, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் புவனோஸ் ஐரிஸில் ஜி20 மாநாடு நடைபெறவிருந்ததால் அந்நகரில் உடனடியாகப் பாதுகாப்பு அளிப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு அட்லான்டிக் கடலைத் தாண்ட வேண்டிய தேவை என்ன? கான்மெபாலின் தலைமையகம் பராகுவேயில், அசுன்சியோன் அருகில்தான் இருக்கிறது. அங்கு நடத்தியிருந்தால் ரசிகர்கள் பேருந்திலேயே போயிருப்பார்கள். தண்டிக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள். கல்லெறிந்தவர்கள் சிலர்தான்; சொந்த மைதானத்தில் இறுதி ஆட்டம் காணும் வாய்ப்பை இழந்தவர்களோ எந்தத் தவறும் செய்யாமல் இரண்டு நாள் வந்து திரும்பிய ஆயிரக்கணக்கானோர். ரிவர் நிர்வாகமும் இடமாற்றத்தை எதிர்த்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பின்கள_வாசி:

மாட்ரிட்டுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அர்ஜென்டினாவில் 2013 முதல் எதிரணி ரசிகர்களுக்கு மைதானத்தில் அனுமதி மறுக்கப்பட்டு வந்ததால், முதல் ஆட்டத்தைப் போகா ரசிகர்கள் மட்டுமே நேரில் கண்டனர்; இரண்டாவதை ரிவர் ரசிகர்கள் மட்டுமே கண்டிருப்பார்கள். டிசம்பர் 9 அன்று மாட்ரிட்டின் சான்டியாகோ பெர்னபூ மைதானத்தில்தான் இரு தரப்பினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர்.

ஆட்டத்தையும் சற்று நினைவுகூர்வோம். இந்த வழக்கு விவகாரத்தில் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இடைவேளைக்குச் சற்று முன் நான்டெஸ் நீட்டிய பந்தை எடுத்துச் சென்று பெனடெட்டோ போகாவுக்கு முதல் கோலை அடித்தார். 62ஆம் நிமிடத்தில், தம் அணி முன்னிலையில் இருக்கும்போதே, பயிற்சியாளர் பாரோஸ் ஷெலோட்டோ அவரை வெளியே அழைத்து அபிலாவை இறக்கினார். இரண்டு இறுதி ஆட்டங்களிலும் கோல் அடித்த ஒரே போகா வீரரை அந்த நேரத்தில் எடுத்தது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆறு நிமிடங்களில் பிராட்டோ சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் தொடக்கத்திலேயே பாரியோஸ் சிவப்பு அட்டை பெற, போகா பத்துப் பேரானது.

109ஆம் நிமிடத்தில், மாற்று வீரராக வந்திருந்த கொலம்பியாவின் குவின்டெரோ பெட்டிக்கு வெளியிலிருந்து இடக்காலால் அடித்த பந்து, குறுக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டு உள்ளே விழுந்தது. அதன் பிறகு மாற்று வீரர்கள் தீர்ந்த நிலையில் காகோவும் காயமடைந்ததால், போகா ஒன்பது பேருடன் போராடியது. அந்த ஒன்பது பேர் ஆட்டத்தை எப்படி உயிரோடு வைத்திருந்தனர் என்பதற்கு, கடைசி நிமிடத்தில் ஹாரா அடித்த பந்து பக்கக் கம்பத்தில் மோதித் திரும்பியதே சான்று. கோல்காப்பாளர் அன்ட்ராடாவும் எதிரணிப் பெட்டிக்குள் வந்துவிட்டிருந்ததால், அடுத்த நொடிகளில் ‘பிட்டி’ மார்டினெஸ் ஆளில்லாத கோலை நோக்கித் தனியாக ஓடி மூன்றாவது கோலைப் போட்டார். 3-1, மொத்தத்தில் 5-3. தடை காரணமாக ரிவர் பயிற்சியாளர் கல்யார்டோ களத்தோரத்தில் இல்லாமலேயே அந்த அணி இதைச் சாதித்தது. களத்தில் வெல்லப்பட்ட கோப்பை என்று ரிவர் சொல்லிக்கொள்ள முழு உரிமை உண்டு.

தென்மூலை:

விளக்கங்களுக்கு நன்றி. மேற்குமாடம் எழுதியதைப் படித்தபின், கோப்பையைப் போகாவுக்கே கொடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சற்றுத் தளர்ந்திருக்கிறது. இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. 2019 முதல் கான்மெபால் இறுதிப் போட்டியை முன்கூட்டியே தீர்மானித்த நகரில் ஒரே ஆட்டமாக நடத்தி வருகிறது. இந்தக் கலவரத்தின் விளைவாகத்தான் அந்த மாற்றம் வந்ததா? அதனால் நியாயம் கூடியிருக்கிறதா?

நடுக்கோடு:

விளைவு அல்ல. ஒரே ஆட்டம் என்ற முடிவு 2018 பிப்ரவரியிலேயே, அதாவது பேருந்து தாக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பியக் கோப்பையின் இறுதி 1956இல் தொடங்கிய காலம் முதலே ஒற்றை ஆட்டம்தான். 1974இல் பாயர்ன் மியூனிக், அட்லெட்டிகோ மாட்ரிட் அணிகள் சமன் செய்ததால் மறு ஆட்டம் நடந்தது ஒன்றே விதிவிலக்கு. அந்த வடிவத்தைத் தென் அமெரிக்கா பின்பற்ற விரும்பியது.

நியாயம் கூடியதா என்றால், பாதி அளவே கூடியது. 2019இல் சிலியின் சான்டியாகோவில் நடக்கவிருந்த முதல் ஒற்றை இறுதியே அங்கு வெடித்த போராட்டங்களால் லிமாவுக்கு மாற்றப்பட்டது. 2022இல் ஃபிளமெங்கோவும் அத்லெட்டிகோ பரனேன்ஸேவும் மோதியபோது, இரண்டு பிரேசில் அணிகளின் ரசிகர்கள் ஈக்வடாரின் குவாயாகில் வரை பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2023இன் நிலை இன்னும் விந்தையானது. பொதுவான இடம் என்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. இறுதிக்கு வந்ததோ அதையே சொந்த மைதானமாகக் கொண்ட ஃபுளுமினென்ஸே. கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது மறுபடியும் போகா.

மேற்குமாடம்:

ஆப்பிரிக்காவின் அனுபவமும் இங்கே பொருந்தும். 2019இல் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் தொடரில் துனிசியாவின் எஸ்பெரான்ஸ், மொராக்கோவின் விடாட் அணிகளின் இறுதியில் முதல் ஆட்டம் 1-1. துனிசியாவின் ராதெஸில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில், 1-0 எனப் பின்தங்கியிருந்த விடாட் அடித்த கோல் மறுக்கப்பட்டது. அதைச் சரிபார்க்க வேண்டிய காணொளிக் கருவி இயங்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. விடாட் வீரர்கள் தொடர்ந்து ஆட மறுத்தனர். நீண்ட காத்திருப்புக்குப் பின் நடுவர் ஆட்டத்தை முடித்து வைத்தார். மறு ஆட்டம் நடத்த ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் செயற்குழு முடிவெடுக்க, அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று நடுவர் நீதிமன்றம் தள்ளியது. பின்னர் ஒழுங்குக் குழு எஸ்பெரான்ஸையே வெற்றியாளராக அறிவித்தது. கோப்பையை மேசையில் முடிவு செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புவோர் இந்த வழக்கைப் படிக்கலாம்.

அங்கும் 2020 முதல் ஒற்றை ஆட்டம் வந்தது. 2022 இறுதி காசாப்ளாங்காவில் நடந்தபோது விடாட் சொந்த ஊரிலேயே எகிப்தின் அல் அஹ்லியை 2-0 என்று வென்றது. எகிப்தியர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023இல் ஆப்பிரிக்கா மீண்டும் இரண்டு ஆட்ட முறைக்கே திரும்பியது. அதே இரு அணிகள்தான் மோதின. கெய்ரோவில் 2-1, காசாப்ளாங்காவில் 1-1 என்ற கணக்கில் அல் அஹ்லி கோப்பையை எடுத்துச் சென்றது. தென் அமெரிக்காவும் அப்படித் திரும்ப வேண்டும் என்பதே என் நிலைப்பாடு; பேருந்துக்குப் பாதுகாப்பு அளிக்க முடியாத நகரத்தால் கோப்பைக்கும் பாதுகாப்பு அளிக்க முடியாது என்று நடுக்கோடு வாதிடுவார் என்பதையும் அறிவேன்.