பிறந்த எடையிலிருந்து குறைந்துவிட்டதே! உங்கள் வீட்டில் எப்படி?

பிறக்கும்போது என் மகள் 3.2 கிலோ. மூன்றாம் நாள் காலை 2.94. அறையில் இருந்த எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "பால் பத்தலை போலிருக்கு" என்றார் மாமியார். என் அம்மா மறுத்துப் பேசவில்லை, அது இன்னும் வலித்தது.

நர்ஸ் அக்கா மட்டும் அசரவில்லை. போனில் கணக்குப் போட்டு, "260 கிராம் குறைஞ்சிருக்கு, எட்டு சதவீதம்கிட்ட வருது. பத்தைத் தாண்டுதான்னுதான் பார்ப்போம்" என்றவர், எடை மெஷினை விட்டுவிட்டு டயப்பரைப் பிரித்தார். முதல் இரண்டு நாள் தார் போல ஒட்டிய கறுப்பு மலம், பச்சையாக மாறத் தொடங்கியிருந்தது. "இது மாறுதுன்னா பால் உள்ள போகுதுன்னு அர்த்தம். ரெண்டு நாள்ல மஞ்சளாயிடும் பாருங்க."

எனக்கு சிசேரியன். பிரசவத்துக்கு முன் நிறைய டிரிப்ஸ் ஏறியிருந்தது. அந்த நீரில் கொஞ்சம் குழந்தைக்கும் போவதால் பிறந்த எடையே சற்றுக் கூடுதலாகக் காட்டும், முதல் நாளில் அது சிறுநீராக வெளியேறிவிடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். சிசேரியனில் பால் இறங்கவும் தாமதமாகலாம். அதுவரை சீம்பால்தான், ஒரு வேளைக்குச் சில மில்லி. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். இரண்டு வாரம் முடிவதற்குள் பழைய எடையைத் தொட்டுவிட்டாள்.

*

எங்களுடையது மெஷின் கதை. ஆஸ்பத்திரியில் ஒன்று, தடுப்பூசி போடும் கிளினிக்கில் ஒன்று, மைத்துனர் பரிசாகத் தந்த மெஷின் வீட்டில். ஒரே நாளில் கிளினிக்குக்கும் வீட்டுக்கும் 90 கிராம் வித்தியாசம்! நாளைக்கு 20-30 கிராம் ஏற வேண்டிய பிள்ளைக்கு அது மூன்று நான்கு நாள் வளர்ச்சி. அதற்கப்புறம் கிளினிக் மெஷின் மட்டும்தான், டயப்பர்கூட இல்லாமல். பரிசாக வந்தது இப்போது கூரியர் பார்சல் நிறுக்கிறது.

*

மேலே படித்துவிட்டு "எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று யாரும் இருந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என் மகன் அழவே மாட்டான். பாலுக்கு எழுப்பினால் இரண்டு இழுப்பு, உடனே தூக்கம். "சமத்துப் பிள்ளை" என்று பெயர் வேறு. ஐந்தாம் நாளாகியும் சிறுநீர் சரியாகப் போகவில்லை, டயப்பரில் செங்கல் நிறக் கறை. முதல் ஓரிரு நாளில் அந்தக் கறை வந்தால் பெரிதில்லையாம். அதற்குப் பிறகும் வந்தால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். கொண்டுபோய்க் காட்டியபோது எடை 12 சதவீதம் இறங்கியிருந்தது, மஞ்சள் காமாலையும் கூடியிருந்தது. காமாலை ஏறினால் பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும், தூங்கினால் குடிக்காது, குடிக்காவிட்டால் காமாலை இன்னும் ஏறும்.

அட்மிட் செய்து நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, பாலைப் பீய்ச்சி ஸ்பூனில் கொடுத்தோம். தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாய் வைக்கும் விதத்தையே மாற்றினார். காம்பை மட்டும் கவ்வக் கூடாது, சுற்றியுள்ள கரு வட்டமும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும், முகவாய் மார்பில் அழுந்த வேண்டும். அவன் 'கொளக் கொளக்' என்று விழுங்கும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். முதலில் எடை இறங்குவது நின்றது, அப்புறம் மெல்ல ஏறியது.

*

என் மூத்தவனுக்கு பவுடர் பால், இளையவளுக்குத் தாய்ப்பால். மூத்தவனுக்கு அவ்வளவாகக் குறையவே இல்லை; அதை வைத்து இளையவளை ஒப்பிட்டால் பயம்தான் வரும். பவுடர் பால் முதல் நாளிலிருந்தே தேவையான அளவு கிடைத்துவிடுகிறது, தாய்ப்பால் இறங்க இரண்டு மூன்று நாளாகும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு டயப்பராவது நன்றாக நனைகிறதா என்று நான் எண்ணினேன், எடையை டாக்டரிடம் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும்: டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் பிறந்த எடைதான் கண்ணில் படும். கிளம்பும் நாள் எடையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த செக்கப்பில் எங்கள் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.