பெல்லட் கிரில்: 225-இல் நிற்காமல் ஏறி இறங்குகிறது, பாதியில் அணைகிறது. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். டயல் வைத்த பழைய வகை பெல்லட் கிரில் (அழுத்திய மரத்தூள் குச்சிகளான பெல்லட்டை எரித்துச் சமைப்பது). ஸ்மோக் நிலை உண்டு, பி-செட்டிங் (பெல்லட் விழும் இடைவெளியை மாற்றும் எண்) 4-இல் இருக்கிறது. 225 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தால் 290 வரை ஏறி, பிறகு 180-க்கு இறங்குகிறது. குளிரும் காற்றும் சேர்ந்தால் பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) பாதி வேகும்போதே தீ அணைந்துவிடுகிறது. உடனே ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் வெள்ளைப் புகை மண்டுகிறது. கடைசியாக அப்படிச் செய்தபோது ‘டப்’பென்று மூடியே தூக்கியது. கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
கன்ட்ரோலரைப் பிறகு பார்க்கலாம். அந்த ‘டப்’தான் முதலில் கவனிக்க வேண்டியது. தீ அணைந்தது கன்ட்ரோலருக்குத் தெரியாது, சூடு குறைவது மட்டும்தான் தெரியும். அதனால் ஆகர் (பெல்லட்டைத் தள்ளும் திருகுத் தண்டு) பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஃபயர் பாட் (பெல்லட் எரியும் சிறு கிண்ணம்) நிரம்பி வழியும். அந்தக் குவியலுக்கு அடியில் இக்னைட்டர் (தீ மூட்டும் மின்கம்பி) சூடாகும்போது எல்லாம் சேர்ந்து கரிந்து புகையும். அந்தப் புகையே எரியக்கூடிய வாயு. மூடிக்குள் அடைபட்டுக் கிடந்து, சுடர் வந்ததும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. நடுவில் அணைந்த கிரில்லை, ஃபயர் பாட்டைத் திறந்து பார்க்காமல் மறுபடி மூட்டவே மூட்டாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முழுதாக ஆற விடுங்கள். கிரேட், எண்ணெய்த் தட்டு, அதன் கீழே உள்ள தகடு மூன்றையும் எடுங்கள். ஃபயர் பாட்டுக்குள் கிடக்கும் பெல்லட்டை இரும்பு வாளியில் கொட்டி, சாம்பலை வாக்குவம் செய்யுங்கள். கங்கு ஒன்று மிஞ்சியிருந்தாலும் வாக்குவம் பையே பற்றிக்கொள்ளும். ஆறிவிட்டதை உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

மூட்டும்போது உங்கள் வகைக்கு மூடி திறந்திருக்க வேண்டும் (புதிய டிஜிட்டல் மாடல்கள் பலவற்றில் மூடியை மூடி வைத்தே மூட்டுவார்கள், கையேட்டைப் பாருங்கள்). டயலை ஸ்மோக்கில் வையுங்கள். நான்கைந்து நிமிடத்தில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், பிறகு ‘புஸ்’ஸென்று சுடர் எழும் சத்தம் கேட்கும். புகை மெலிந்த பிறகே மூடியை மூடுங்கள். இன்னும் பத்து நிமிடம் கழித்து 225-க்குத் திருப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
திறந்து பார்த்தேன். ஃபயர் பாட்டின் பக்கத் துளைகளில் பாதி சாம்பலால் அடைந்திருந்தன. ஹாப்பர் (பெல்லட் கொட்டும் தொட்டி) அடியில் நிறைய மரத்தூள். பி-செட்டிங்கை என்ன செய்வது?

பதில் 2:
காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. அந்தத் துளைகள் வழியாகத்தான் விசிறிக் காற்று தீக்கு வருகிறது. அடைந்தால் சுடர் சோர்ந்து சூடு இறங்கும், கன்ட்ரோலர் பெல்லட்டைக் கூட்டும், தேங்கிய பெல்லட் பிறகு மொத்தமாக எரிந்து 290-க்குப் போகும். நீண்ட சமையலுக்கு முன்பெல்லாம் ஃபயர் பாட்டைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

பி-செட்டிங் கணக்கு இது: இந்த வகை கன்ட்ரோலர்கள் பலவற்றில், ஸ்மோக் நிலையில் ஆகர் 15 நொடி ஓடும். நிற்கும் இடைவெளி 45 நொடி, அதோடு பி எண் ஒவ்வொன்றுக்கும் 10 நொடி. பி-4 என்றால் 85 நொடி, பி-2 என்றால் 65. எண் கூடினால் புகை அதிகம், சூடு குறைவு, தீ அணையும் வாய்ப்பும் அதிகம். குளிரில் பி-2-க்கு வாருங்கள். ஒரே தாவலாக மாற்றாமல் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, அரை மணி நேரம் மூடியைத் திறக்காமல் கவனியுங்கள். திறந்தால் சென்சார் குளிர்ந்து பெல்லட் கூடுதலாக விழும், மூடியதும் சூடு எகிறும்.

இந்த வகையில் 20 டிகிரி முன்பின் ஆடுவது இயல்பு. அதைத் துரத்தி டயலைத் திருகிக்கொண்டே இருந்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும். உள்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சென்சார் கம்பியையும் துடைத்துவிடுங்கள். கொழுப்பு படிந்தால் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும்.

பதில் 3:
மரத்தூளை விட்டுவிடாதீர்கள். ஹாப்பரைக் காலி செய்து சலித்துப் போடுங்கள். நல்ல பெல்லட் ‘டக்’கென்று ஒடியும், வெளியே பளபளப்பாக இருக்கும். ஈரம் பட்டது விரலில் நசுங்கி உதிரும். ஆகருக்குள் உப்பி இறுகினால் மோட்டாரே திரும்பாது. பையைத் திறந்ததும் மூடியுள்ள வாளியில் கொட்டி வைப்பது நல்லது.

கன்ட்ரோலர் மேல் இன்னும் சந்தேகமிருந்தால் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். பிடி1000 (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சென்சார்) வகை என்றால் 25 டிகிரி செல்சியஸ் அறைச் சூட்டில் 1,100 ஓம் அருகே காட்டும். இக்னைட்டர் 120 வோல்ட், 200 வாட் என்றால் 72 ஓம் அருகே. புகை வருவதால் உங்களுடைய இக்னைட்டர் வேலை செய்கிறது என்றே தோன்றுகிறது, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று, வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறீர்களா? ஷட்டவுனில் வைத்து விசிறி தானாக நிற்கும்வரை, ஏறத்தாழ பத்து நிமிடம், விட்டுவிடுங்கள். ஃபயர் பாட்டுக்குள் மிஞ்சியது எரிந்து தீர அந்த நேரம் வேண்டும். இல்லாவிட்டால் கங்கு ஆகர் குழாய் வழியே ஹாப்பர் பக்கம் ஊர்ந்து போகலாம்.