மாநாட்டில் நடந்ததை யார் விசாரிப்பது?

கிளைச்செயலாளர்:
தோழர்களுக்கு வணக்கம். எங்கள் தொழிற்சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. இது எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடியது. போன மாதம் எங்கள் மாநில மாநாடு. வரவு செலவு அறிக்கை மீதான விவாதத்தில் எங்கள் கிளையிலிருந்து முதல்முறையாக வந்த பெண் பிரதிநிதி எழுந்து கேள்வி கேட்டார். அன்று இரவு சாப்பாட்டுப் பந்தியில் ஒரு மாவட்ட நிர்வாகி அவரைப் பற்றி நாலு பேர் காதுபட அசிங்கமாகப் பேசினார். பிறகு லாட்ஜ் படிக்கட்டில் வழிமறித்தும் பேசியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்தத் தோழரும் நானும் கையெழுத்துப் போட்டுத் தலைமையிடம் புகார் கொடுத்தோம். "இன்னைக்கு நிர்வாகிகள் தேர்வு, மாநாடு முடியட்டும்" என்றார்கள். மாநாடு முடிந்தபோது அந்த நிர்வாகி மாநிலக்குழு உறுப்பினராகிவிட்டார். இப்போது விசாரணைக்கு மூவர் குழு போட்டிருக்கிறார்கள். மூவருமே மாநிலக்குழு ஆட்கள், அதில் ஒருவர் அவருடைய மாவட்டத்துக்காரர்.

ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறவர்கள், தங்களுக்கு ஓட்டுச் சேர்த்துத் தருகிறவரை விசாரிக்கக் கூடாது. புகாரை விசாரிக்கத் தலைமைக்கு வெளியே ஒரு குழு வேண்டும் என்கிறேன்.

பழைய கொடி:
தோழர், நடந்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மருந்து தப்பு. வெளியாள் என்றால் யார்? வக்கீலா, தொண்டு நிறுவனமா? சங்கத்துக்கு உயர்ந்த அமைப்பு மாநாடு. அது தேர்ந்தெடுத்த குழுவுக்குத்தான் உறுப்பினரை விசாரிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளது. அந்த அதிகாரத்தை வெளியே கொடுத்தால், புகார் நகல் எப்போது மேனேஜ்மென்ட் மேஜைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நகலை வைத்துக்கொண்டு எங்கள் ஆலையில் ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையையே இழுத்தடித்ததைப் பார்த்தவன் நான்.

கிளைச்செயலாளர்:
ஐயா, ஆலையில் ஒரு தொழிலாளிக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? விசாரணை அதிகாரி யார், புகார் சொன்ன மேனேஜருக்குக் கீழே வேலை பார்க்கிறவரா என்றுதானே? பாரபட்சமான உள்விசாரணை என்று சொல்லி லேபர் கோர்ட் வரை போகிறோம். தொழிலாளிக்காக நாம் கேட்கும் அதே நியாயத்தை நம் உறுப்பினருக்கு ஏன் கொடுக்க மாட்டோம்?

லேபர்கோர்ட் வாசல்:
சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலருக்கும் குழப்பம். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், அதோடு வெளியிலிருந்து ஒருவர். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். ஆனால் மாநாட்டுப் பிரதிநிதி சங்கத்தின் ஊழியர் அல்ல. 2022-இல் கேரள உயர்நீதிமன்றம், அரசியல் கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, ஆகவே கட்சி அப்படி ஒரு குழு அமைக்கத் தேவையில்லை என்று சொன்னது. சங்கத்துக்கும் அதே வாதத்தை வைப்பார்கள். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் விதிகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டது. நிதி, நிர்வாகிகள் நியமனம், கணக்குத் தணிக்கை எல்லாம் அதில் இருந்தன. நடத்தைப் புகார் இல்லை.

இன்னொரு பக்கம், பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை (2019) வேலை சார்ந்த பயணம், பயிற்சி, நிகழ்ச்சி எல்லாவற்றையும் தனக்குள் கொண்டுவருகிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று மேடையில் கேட்கிறோம். அதே விதியை நம் மாநாட்டு மண்டபத்துக்குள் கொண்டுவர எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மின்கம்பம்:
நான் எதிர்க்கிறேன், காரணம் வேறு. மாநாட்டின் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வேட்பாளர் பேனல் தயாராகிறது, இரண்டு கோஷ்டி. அன்று காலை ஒரு புகார் வந்து, "விசாரணை முடியும்வரை வெளியே இரு" என்றால் அந்த ஆளுடைய பத்து வருட உழைப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும். மூன்று மாதம் கழித்துக் குற்றமற்றவர் என்றால் அந்தத் தேர்தலை யார் திரும்ப நடத்துவார்கள்?

திண்டுக்கல் தையல்:
மின்கம்பம் தோழர் சொல்கிற பயம் நிஜம். ஆனால் அதே கடைசி நாளைக் காட்டித்தான் புகாரை அமுக்கினார்கள், மேலே கிளைச்செயலாளர் எழுதியதைப் படியுங்கள். ஓட்டுக்காகப் புகார் கொடுப்பவரும் இருக்கலாம், ஓட்டுக்காகப் புகாரை மறைப்பவரும் இருக்கிறார்கள். ஓட்டோடு சம்பந்தமில்லாத ஒருவர் கையில் அது இருந்தால்தான் இரண்டு பேரிடமிருந்தும் தப்பிக்கும்.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022-இல், ஆடை ஆலையில் பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்கத் திண்டுக்கல் ஒப்பந்தம் கொண்டுவந்தது. பெண்கள் நடத்துகிற சங்கம். தொழிலாளிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து லைனில் கண்காணிப்பாளர்களாக நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கே சொல்ல ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். கம்பெனி சொந்தமாகத் தீர்த்துக்கொள்ளும் என்று யாரும் விட்டுவிடவில்லை, வெளியிலிருந்து விசாரிக்கிறவர்களும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. கம்பெனிக்கு நாம் சொல்வது சங்கத்துக்குப் பொருந்தாதா?

பழைய கொடி:
கம்பெனி நம்மைச் சுரண்டுகிறது. சங்கம் நம்முடையது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அம்மா.

திண்டுக்கல் தையல்:
ஐயா, படிக்கட்டில் வழிமறிக்கப்பட்டவளுக்கு வழிமறித்த கை யாருடையது என்பதில் என்ன வித்தியாசம்?

லேபர்கோர்ட் வாசல்:
பிரிட்டனில் ஜி.எம்.பி. என்ற பெரிய சங்கத்தைப் பற்றி 2020-இல் கரோன் மோனகன் என்ற வழக்கறிஞர் விசாரித்து, அந்த அமைப்பே பெண்களுக்கு எதிராக ஊறிப்போயிருக்கிறது என்று எழுதினார். வெளியாள்தான். விசாரணைக்கு ஏற்பாடு செய்தது அந்தச் சங்கமேதான். சங்கம் இன்றும் இருக்கிறது. கனடாவில் கியூப் என்ற பொது ஊழியர் சங்கம் மாநாட்டுக்கென்றே நடத்தை விதி வைத்திருக்கிறது, புகார் வாங்கத் தனி நடுவர் ஒருவரையும் மண்டபத்தில் வைக்கிறது.

மின்கம்பம் கேட்டதற்குப் பதில்: மண்டபத்தைவிட்டு வெளியேற்றுவது முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டியதில்லை. தங்குமிடத்தை மாற்று, பந்தியில் தள்ளி உட்கார வை, அந்தப் பெண்ணோடு பேசக் கூடாது என்று எழுதிக் கொடு. ஓட்டுரிமையைத் தொடாமலே இத்தனையும் செய்யலாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை வேண்டியதில்லை என்று 2013 சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே கொடுத்த பொய்ப் புகாருக்கு நடவடிக்கையும் அதே பிரிவில் இருக்கிறது. இரண்டையும் சங்க விதியில் எழுதலாம்.

மின்கம்பம்:
ஓட்டுரிமையைத் தொடாது என்று விதியிலேயே எழுதினால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி: புகார் சொல்லப்பட்டவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

கிளைச்செயலாளர்:
கேள்விகளை எழுதிக் குழுவிடம் கொடுக்கட்டும், குழு கேட்கட்டும். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நின்று அவரே கேட்பதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய கொடி:
சரி, கண்டறிவதை ஒரு தனிக்குழு செய்யட்டும். தண்டனை மாநிலக்குழுவின் கையில்தான் இருக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் சங்கம் என்று எதைச் சொல்வது?

கிளைச்செயலாளர்:
அறிக்கை வந்த 30 நாளுக்குள் மாநிலக்குழு எழுத்துமூலம் முடிவு சொல்ல வேண்டும், அறிக்கையை ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும், பொதுக்குழுவுக்கு அப்பீல் உண்டு, குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் சம்மதம்.

பழைய கொடி:
நான்காவதற்கு நானே கையைத் தூக்குவேன். முப்பது நாள் போதாது, மாநிலக்குழு கூடுவதற்கே அவ்வளவு ஆகும்.

திண்டுக்கல் தையல்:
போராட்டம் அறிவிக்க ஒரே ராத்திரியில் கூடுகிறோமே ஐயா.

லேபர்கோர்ட் வாசல்:
விதித் திருத்தம் அடுத்த பொதுக்குழுவில்தான் வரும். அதற்குள் ஒன்று. அந்தத் தோழரும் அந்த நிர்வாகியும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களா? அப்படியானால் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போக வாதாட இடமுண்டு. ஆனால் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், போதிய காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். சங்கம் விசாரிக்கும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். போலீஸ் வழியும் தனியாகத் திறந்திருக்கிறது. எதில் போவது என்று அந்தத் தோழர் முடிவு செய்யட்டும், நாம் அல்ல.

கிளைச்செயலாளர்:
ஒரே நிறுவனம்தான். இன்றிரவே அவரிடம் பேசுகிறேன்.