சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

கேள்வி:
வணக்கம். என்னுடன் சிங்கப்பூரில் வசிக்கும் 70 வயதான அம்மாவை வரும் ஜூன் மாதம் நியூயார்க்கில் உள்ள தம்பி வீட்டுக்கு அனுப்பவிருக்கிறேன். இரு நகரங்களுக்கும் இடையே 15,300 கிலோமீட்டர் என்று ஓரிடத்திலும், 16,000 கிலோமீட்டருக்கு மேல் என்று இன்னோர் இடத்திலும் படித்தேன். எது சரி? எங்கும் இறங்காமல் சென்றால் எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா தினமும் இரவு 8 மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அதனால்தான் நேரக் கணக்கை இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

மறுமொழி 1:
இரண்டும் சரியே. 15,300 என்பது மிகக் குறுகிய கோட்டின் நீளம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துள்ளன. உலக உருண்டையில் ஒரு நூலை இரு ஊர்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை ஒட்டிச் செல்வதைக் காணலாம். ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. அந்தக் காற்று முதுகில் இருந்து தள்ளுமானால், ஜப்பானை ஒட்டிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் விரைவில் போய்ச் சேரலாம். எனவே தொலைவு நாளுக்கு நாள் மாறும். தொலைவைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள்.

மறுமொழி 2:
நேரடி விமானத்துக்கு 18 முதல் 19 மணி நேரம் ஆகும். இதற்கெனவே கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி அமைத்த ஏர்பஸ் ஏ350 விமானத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இயக்குகிறது. அதில் 161 இருக்கைகள் மட்டுமே உண்டு. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது என்பதால் கட்டணம் கூடும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் செல்லும் விமானத்தில் எகானமி உண்டு. மொத்த நேரம் ஏறக்குறைய ஒரு நாளாகும். என் அம்மாவை அவ்வழியே அழைத்துச் சென்றேன். கால் வீங்கியிருந்த நிலையில், இடையில் இறங்கிச் சிறிது நடந்தது அவருக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. நேரடி விமானமானால், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும்படி அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். நடைபாதை ஓர இருக்கையே கேளுங்கள்.

மறுமொழி 3:
மாத்திரையைப் பற்றி. ஜூனில் இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் (குளிர்காலத்தில் 13). ஆகவே கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம்; இரவு பகலாகும், அவ்வளவுதான். நண்பகலில் புறப்பட்டால் அதே தேதி மாலையில் இறங்கிவிடுவார். புறப்பட்ட எட்டாம் மணி நேரத்தில் விமானத்திலேயே ஒரு மாத்திரை. அடுத்தது நியூயார்க்கில் மறுநாள் காலை 8 மணிக்கு. அங்கே மீண்டும் இரவுக்கு மாற்ற விரும்பினால், எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.