பித்தப்பையை எடுத்த பிறகு நிற்காத வயிற்றுப்போக்கு: என் அனுபவம்

பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு வயிறு ஒரு நிலைக்கு வராமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விடிந்ததும் கழிவறைக்கு ஓட வேண்டும். இட்லி உள்ளே போன சற்று நேரத்தில் மறுபடியும். மஞ்சளாக, நீர்த்துப் போகும். போன இடம் எரியும். கழிவறை இல்லாத பஸ் நிலையம் என்றால் பயணத்தையே தவிர்த்துவிடுவேன். கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), தைராய்டு, மலப் பரிசோதனை எதிலும் குறையில்லை. ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்றார்கள், கவலைப்படாதீர்கள் என்றார்கள். கவலையால் வந்த நோயல்ல இது.

பிறகு பார்த்த குடல் மருத்துவர்தான், "பித்தப்பை இருக்கிறதா?" என்று முதலில் கேட்டார். மருந்துச் சீட்டின் பின்புறம் குடலை வரைந்து காட்டினார். குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடுமாம். அப்படித் திரும்பாமல் அதிகமாகப் பெருங்குடலில் இறங்கினால், அங்கே நீரைச் சுரக்க வைத்துவிடும். பித்தப்பை இல்லையென்றால் பித்தநீரைச் சேர்த்துவைக்க இடமில்லை. அது குடலுக்குள் ஓயாமல் வடிகிறது. எல்லோருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை, சிலருக்கு வருகிறது.

பிரிட்டனில் இதற்கென்றே பித்த அமிலம் போன்ற ஒரு பொருளில் கதிரியக்கச் செலினியம் சேர்த்த மாத்திரையைக் கொடுத்து, 7 நாள் கழித்து அது உடலில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கோளாறு. எனக்கு அந்தச் சோதனை செய்யவில்லை. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் தூளைக் கொடுத்துப் பார்த்தார். தண்ணீரில் கரையாது, நறநறவென்று மணலாய்த் தொண்டையில் இறங்கும். ஆனால் கேட்டது! மற்ற மாத்திரைகளை இதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். இல்லையென்றால் அவற்றையும் இந்தத் தூள் பிடித்துக்கொள்ளும்.

மறுமொழி:

அக்கா, எனக்குப் பித்தப்பை இருக்கிறது. குடல் காசநோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். உறிஞ்சும் இடமே போய்விட்டது. பி12 சத்தும் அங்கேதான் உறிஞ்சப்படுவதால் ஊசி போட்டுக்கொள்கிறேன். க்ரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் இதே தொல்லை வரலாம் என்றார் மருத்துவர். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: 100 செ.மீ.க்கு மேல் குடலை வெட்டியவர்களுக்குக் கொழுப்பே செரிக்காமல் மலம் எண்ணெயாக மிதக்கும். அவர்களுக்கு இந்தத் தூள் நிலைமையை மோசமாக்கக்கூடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அதனாலும் வயிறு போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.